திரியைத் திருத்துக, சுருளை மாற்றுக

நம் இல்லங்களில் தீயைத் தாங்கி நிற்கும் பொருள்கள் இரண்டு. ஒன்று, மண்ணெண்ணெய் விளக்கிலும் அடுப்பிலும் உள்ள பஞ்சுத் திரி. மற்றையது, மின்னடுப்பிலுள்ள கம்பிச் சுருள். இரண்டும் விலையிற் சிறியன, பணியிற் பெரியன. திரி கருகினாலும் சுருள் அறுந்தாலும் வீட்டில் எழும் வினா ஒன்றே: பழையதைத் திருத்திக்கொள்வதா, புதியதை வாங்கி இடுவதா? சிக்கனம் பேணுவோர் திருத்துவோம் என்பர்; வேலை இலகுவாக வேண்டுமென்போர் மாற்றுவோம் என்பர். எப்பொருள் எவ்வாறு தேய்கிறது என்பதை அறிந்தாலன்றி இவ்வழக்கைத் தீர்க்க இயலாது.

எரிவது எது?

திரியே எரிகிறது என நம்மிற் பலர் எண்ணுகின்றோம். உண்மையில் எரிவது எண்ணெயின் ஆவியே. பஞ்சு நூல்களுக்கிடையேயுள்ள நுண்ணிய இடைவெளிகளினூடாக எண்ணெய் தானாகவே மேலேறுகிறது. மாணவர்கள் இதனை மயிர்த்துளைத்தன்மை எனக் கற்றிருப்பர். நுனியை அடைந்த எண்ணெய் ஆவியாகித் தீப்பற்றுகிறது. ஆவியாகும்போது அது வெப்பத்தைக் கவர்ந்து செல்வதால், எண்ணெய் உள்ளவரை திரியின் நுனி மட்டுமே கருகும். எண்ணெய் வற்றிய பின்பே திரி தன்னைத் தானே எரித்துக்கொள்கிறது.

ஆகவே, நுனி கருகிய திரி கெட்ட திரியன்று. படிந்த கரி எண்ணெயின் வழியை அடைப்பதனாலேயே சுடர் மங்கிப் புகை கக்குகிறது. அக்கரியைக் கத்தரிக்கோலால் நேராக நறுக்கிவிட்டால் திரி மீண்டும் புதியதாகிவிடும். தட்டைத் திரியாயின் இரு மூலைகளையும் சிறிது நறுக்குதல் நன்று. இன்றேல் சுடரின் ஓரங்கள் கொம்புபோல் எழுந்து சிமினியைக் கரிபிடிக்கச் செய்யும். அடுப்பாயின் திரிகள் யாவும் ஒரே உயரத்தில் நிற்றல் வேண்டும். ஈரம் ஏறிய திரியை வெயிலில் உலர்த்தினாற் போதும்.

மாற்றவேண்டிய வேளைகளும் உண்டு. திரி குறுகி எண்ணெயை எட்டாதபோதும், பழைய எண்ணெயின் பிசின் உள்வரை இறுகிவிட்டபோதும், திரி மெலிந்து குழாயில் தளர்ந்து நிற்கும்போதும் அதனை மாற்றுதல் வேண்டும். இவற்றுள் இறுதியிற் கூறியதே ஆபத்தானது. தளர்ந்த திரிக்கும் குழாய்க்கும் இடையேயுள்ள வெளியினூடாகத் தீ கீழிறங்கி எண்ணெய்க் கலத்தை நாட இடமுண்டு. புதுத் திரியையும் எண்ணெயில் நன்கு ஊறவிட்ட பின்னரே கொளுத்துதல் வேண்டும்.

போத்தல் விளக்கு

எமது தலைமுறையினர் இப்பாடத்தைக் கற்றது ஆய்வுகூடத்தில் அன்று. 1990இல் மீண்டும் போர் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரத்தை இழந்தது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. அந்நாளில் வீடுதோறும் எரிந்தது ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியிற் சிறிது பஞ்சு. அது நனையுமளவுக்கு எண்ணெய். சைக்கிள் வால்வினூடாகச் செலுத்திய மெல்லிய நூல் திரி. இவ்வளவே அதன் உறுப்புகள். சின்னஞ்சிறு சுடர், ஆயினும் நெடுநேரம் நின்றெரியும். அதனைச் சுற்றியிருந்தே எம் போன்ற பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தனர்.

அடுப்புத் திரி குறுகியபோது எம் அன்னையார் அதனை எறிந்ததில்லை. பழைய பருத்திச் சீலையிற் கிழித்த துண்டொன்றை அதன் அடியில் இறுகத் தைத்துவிடுவார். எண்ணெய் சீலைத் துண்டின் வழியே ஏறித் திரியை அடையும். மயிர்த்துளைத்தன்மை என்னும் சொல்லை அவர் கேட்டறியார். அதன் பயனை நன்கு அறிந்திருந்தார்.

சுருளின் கதை வேறு

திரியைத் திருத்திப் பழகிய கை, சுருளையும் அவ்வாறே திருத்த முற்படுகிறது. பிழை அங்கேதான் தொடங்குகிறது.

மின்னடுப்புச் சுருள்களிற் பெரும்பாலும் பயன்படுவது நிக்குரோம். நூற்றுக்கு 80 பங்கு நிக்கலும் 20 பங்கு குரோமியமும் சேர்ந்த கலப்புலோகத்துக்கு அமெரிக்கரான அல்பேட் மார்ஷ் 1906இல் உரிமம் பெற்றார். கம்பி செஞ்சூடாகும்போது அதன்மேற் குரோமியம் ஒட்சைட்டுப் படலமொன்று தோன்றி உள்ளுலோகத்தைக் காக்கிறது. ஆனால் சூடேறுவதும் ஆறுவதுமாக நாட்கள் கழியக் கழியப் படலம் வெடித்து உதிர்ந்து மீண்டும் உருவாகிறது. ஒவ்வொரு முறையும் உலோகம் சிறிது செலவாகிறது. கம்பி முழுவதுமே மெலிகிறது. மிக மெலிந்த இடம் மிகச் சூடாகி அறுகிறது. எனவே அறுந்தது ஓரிடமாயினும் முதுமை அடைந்தது சுருள் முழுவதுமே.

அறுந்த முனைகளை முறுக்கிவிட்டால் என்ன நிகழும்? ஒட்சைட்டு படிந்த முனைகள் செவ்வனே பொருந்துவதில்லை; அம்முறுக்கே அளவுக்கு மிஞ்சிச் சூடாகிறது. அன்றியும் சுருளின் நீளம் குறைகிறது. 230 வோல்ற்றில் 1000 உவாற்று வழங்கும் சுருளின் தடை ஏறக்குறைய 53 ஓம். அதிற் பத்திலொரு பங்கு கழிந்தால் தடை 48 ஓமாகக் குறையும், மின்னோட்டம் மிகும், வலு 1100 உவாற்றைத் தாண்டும். எஞ்சிய கம்பியின் ஒவ்வோர் அங்குலமும் முன்னிலும் ஏறக்குறைய நாலிலொரு பங்கு மிகுதியான வெப்பத்தைத் தாங்க நேரிடும். முதிர்ந்தவன் தலையிலே மேலும் ஒரு மூட்டையை ஏற்றுவது போன்றது இது.

பல்கலைக்கழக மாணவராய் அறையெடுத்துத் தங்கிய காலத்தில் நாமும் இதனைச் செய்தோம். ஒரு சுருளை மூன்று முறை முறுக்கினோம். முதன்முறை சில வாரங்கள் ஓடிற்று. அடுத்தது சில நாட்கள். மூன்றாம் நாள் இரவு செருகி உருகிக் கரிந்தது. சுவரிற் படிந்த கருமையைக் கண்ட பின்பே, மிச்சம் பிடித்த பணத்துக்கு நாம் எதனைப் பணயம் வைத்தோம் என்பது விளங்கிற்று.

சமையல் வாயு கிடையாது மக்கள் வரிசையில் நின்ற 2022ஆம் ஆண்டில், பரணிற் கிடந்த மண்ணெண்ணெய் அடுப்புகள் பல வீடுகளில் மீண்டும் கீழே இறங்கின. அவ்வாண்டு ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. அத்தகைய காலத்திற் சிக்கனம் அறமே. ஆயினும் சிக்கனமும் இடமறிந்து நிற்றல் வேண்டும். நுனி மட்டும் கெடுவது திரி, அதனைத் திருத்துக. உடல் முழுவதும் தேய்வது சுருள். இணைப்பைக் கழற்றிவிட்டு, அதே அளவும் அதே வலுவும் உள்ள புதியதை இடுக.

எம் அன்னையார் சீலைத் துண்டு தைத்தது திரிக்கு. சுருள் அறுந்திருந்தால், அவர் அதனை முறுக்கியிருக்கமாட்டார் என்றே நாம் நம்புகின்றோம்.