க.நா.சு.வின் பட்டியல் திறனாய்வும் மரபுமீறிய புனைகதையும்

நாவுக்கரசர் கல்லே தெப்பமாகக் கரையேறிய திருப்பாதிரிப்புலியூரும் கூத்தப்பெருமான் உறையும் தில்லையும் பத்தி இலக்கியத்தில் பெற்ற இடம் யாவரும் அறிந்ததே. தற்கால உரைநடை வரலாற்றிலும் இவற்றிற்கு இடமுண்டு. கடலூரின் பகுதியாகிய திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் புதுமைப்பித்தன் பிறந்தார். மௌனி தம் வாழ்நாளின் பிற்பகுதியைச் சிதம்பரத்தில் கழித்து 1985இல் மறைந்தார். இவ்விருவரையும் சிறுகதையின் முதல்வரிசையில் வைத்து நெடுங்காலம் வாதாடிய க.நா. சுப்ரமண்யம் (1912-1988), சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர்.

க.நா.சு. எழுத்தையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்தவர். 1939இல் 'சூறாவளி'யையும், 1963இல் 'இலக்கிய வட்ட'த்தையும் தொடங்கி நடத்தினார். இரண்டும் நெடுநாள் நிலைக்கவில்லை. 'பொய்த்தேவு' முதலிய நாவல்களைப் படைத்தார். நட் ஹாம்சன், பேர் லாகர்க்விஸ்டு ஆகியோரின் நாவல்களைத் தமிழாக்கினார். 'இலக்கியத்துக்கு ஓர் இயக்கம்' என்னும் நூலுக்காக 1986இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றார்.

அவர் போற்றிய படைப்புகளின் இயல்பு யாது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. வறுமையின்முன் கற்பு பற்றிய வழக்கமான பேச்சு பொருளற்றுப் போவதைப் புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' எள்ளலுடன் காட்டுகின்றது. ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' (1942), மணவுறவுக்குப் புறம்பான துணையோடு நின்று நிலத்தில் பங்கு கோரும் கைம்பெண்ணைத் தலைவியாக்குகின்றது. மௌனியோ கதையினின்று நிகழ்ச்சியையே ஏறத்தாழ விலக்கினார். முன்னவை ஒழுக்க மரபை மீறின; பின்னது கதைமரபை மீறியது. பெருவாரியான வாசகரை நாடிய வார இதழ்களின் சுவைக்கு இவை ஒவ்வாதன. 1936இல் 'மணிக்கொடி'யில் எழுதத் தொடங்கிய மௌனிக்கு, 'அழியாச் சுடர்' என்னும் முதல் தொகுதி 1959இல்தான் வெளிவந்தது. நூல் கிடைக்காத இத்தகைய காலத்தில் ஓர் ஆசிரியன் பெயரை நிலைநிறுத்துவது திறனாய்வாளனின் சொல்லேயாகும்.

அச்சொல்லைக் க.நா.சு. பட்டியலாகவே வழங்கினார் என்பது அவர்மீது சாற்றப்பெறும் குற்றம். சிறந்தவை இவை எனச் சுட்டுவார். ஏன் சிறந்தன என விரிவாக விளக்கார். 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, பாடத்தைப் பகுத்தாராயும் நெறியை வற்புறுத்தினார். க. கைலாசபதி, சமுதாய நோக்கிலிருந்து க.நா.சு.வின் கொள்கையை வன்மையாக மறுத்தார். இம்மறுப்புகளில் உண்மை இல்லாமல் இல்லை. காரணம் கூறாத தீர்ப்பு, கூறியவரின் செல்வாக்கினால் மட்டுமே நிற்கும். அச்செல்வாக்குக் குன்றின் தானும் குன்றும்.

எனினும், பட்டியலின் பயனையும் மறுத்தற்கில்லை. எதனைப் படித்தல் வேண்டும் என்று தெரியாதவனுக்கு எவ்வாறு படித்தல் வேண்டும் என்னும் நெறி பயன்படாது. தொகுத்தல் முந்துவது, உரை பிந்துவது. எட்டுத்தொகையைத் தொகுத்தோர் தம் தேர்வுக்குக் காரணம் எழுதிவைத்திலர். உரைகாரரே பின்னர் நயம் விளக்கினர். க.நா.சு.வின் பணியும் தொகுப்போர் பணியையே ஒத்தது.

அவர் சுட்டிய ஆசிரியர் பலர் இன்று பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் இடம்பெற்றுள்ளனர். ஆயின், அத்தேர்வை ஆராயாமல் ஏற்பதும், பட்டியல் என இகழ்ந்து தள்ளுவதும் ஒருங்கே குறையுடையன. அவர் விட்டுச்சென்ற தீர்ப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, பாடத்தை முன்வைத்துக் காரணம் காண்டலும், காரணம் காணாவிடத்து மறுத்தலும் தமிழ்த்துறைகளின் கடனாகும். அது நிறைவேறுங்காறும் அவரது திறனாய்வு உரையெழுதப்பெறாத மூலமாகவே நிற்கும்.