காட்டுப்பன்றிக்கு எந்தத் தோட்டா?

யூடியூப்பில் அமெரிக்க வேட்டைக் காணொளிகள் பார்க்கும் பிரிக்பீல்ட்ஸ் நண்பர் ஒருவர் கேட்டார்: “காட்டுப்பன்றிக்கு .308 ரைபிள் தோட்டா சரியா வருமா?”

1952இல் விற்பனைக்கு வந்த அந்தத் தோட்டா மானையும் பன்றியையும் வீழ்த்தப் போதுமானதுதான். ஆனால் குறி தவறினால் அதன் குண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேலும் பறக்கக்கூடும். கிள்ளான் வட்டாரச் செம்பனைத் தோட்டங்களோ பெரும்பாலும் சமதரை. மரங்களுக்கு அப்பால் லயத்து வீடு, கோயில், சாலை!

இங்கு உரிமம் பெற்ற வேட்டைக்காரர்களிடம் பொதுவாக இருப்பது 12 போர் ஷாட்கன். அதற்குப் பன்றி வேட்டையில் இரண்டு வகைத் தோட்டாக்கள் உண்டு.

‘எஸ்ஜி’ தோட்டாவில் சுமார் 8.4 மில்லிமீட்டர் அளவுள்ள ஈயக் குண்டுகள் பொதுவாக ஒன்பது இருக்கும். சுட்டதும் பரவும். 30 மீட்டருக்குள் நல்ல பலன் தரும். தூரம் கூடினால் ஓரிரு குண்டுகளே படும். பன்றி காயத்தோடு புதருக்குள் ஓடிவிடும். அடிபட்ட பன்றி, தேடிப் போகும் ஆளையே பாயும்.

‘ஸ்லக்’ என்பது சுமார் 28 கிராம் எடையுள்ள ஒற்றைக் குண்டு. பரவாது, ஆழமாகத் துளைக்கும். அதனால் தவறினாலும் வெகுதூரம் போகும்.

என்னைக் கேட்டால், நெருங்கிய தோப்புக்குள் எஸ்ஜி. பின்னால் மண்மேடு இருந்தால் ஸ்லக். பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் விசையைத் தொடவே வேண்டாம்.

துப்பாக்கிக்கு 1960 ஆயுதச் சட்டப்படி போலீஸ் உரிமம், வேட்டைக்கு 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பெர்ஹிலித்தான் உரிமம். இரண்டும் கட்டாயம்.