முள்ளந்தண்டுத் தட்டு விலகினால்

நாரியில் எழுந்த நோவு தொடைவழியே பாதம் வரை இறங்கினால், நோயாளர் அஞ்சுவது சத்திரசிகிச்சையையே. அவ்வச்சம் பெரும்பாலும் வேண்டாதது.

முள்ளென்புகளுக்கிடையே மெத்தைபோல் அமைந்தவை இடைத்தட்டுகள். தட்டின் புறநார் கிழிய, உள்ளிருக்கும் மென்பொருள் பிதுங்கி நரம்பை நெருக்குவதே இந்நோய். 1934ஆம் ஆண்டில் இதனைத் தெளிவாக நிறுவிய அமெரிக்க வைத்தியர் மிக்ஸ்ரரும் பாரும் காட்டிய வழி சத்திரசிகிச்சை. எனினும், பிதுங்கிய பகுதியை உடலே காலப்போக்கில் கரைத்துவிடுவதுண்டு எனப் பின்னர் அறியப்பட்டது. பெரும்பாலோர் 6 முதல் 12 வாரங்களுள் கத்தியின்றியே தேறுகின்றனர்.

சத்திரசிகிச்சை வேண்டுமோ என ஐயத்திற்கிடமான நோயாளரை இரு பிரிவாக்கி ஆராய்ந்த நோர்வே வைத்தியர் வெபர், 1983இல் தம் முடிவை வெளியிட்டார். ஓராண்டின் பின் சத்திரசிகிச்சை பெற்றோரே கூடிய நலமடைந்திருந்தனர்; 10 ஆண்டுகளின் பின்னரோ இரு சாராரும் ஏறத்தாழ ஒத்திருந்தனர். ஆகவே, இத்தகையோர்க்குக் கத்தி தருவது விரைவான ஆறுதலேயாம்.

அதுவரை செய்யத்தக்கன யாவை? நெடுநாட் படுக்கை ஆகாது; இயன்றவளவு நடமாடல் வேண்டும். பாரந் தூக்குதலைத் தவிர்த்து, வைத்தியர் தரும் நோவாற்றி மருந்தையும், இயன்மருத்துவர் கற்பிக்கும் பயிற்சியையும் கைக்கொள்க. நோவு தணியாதவிடத்து, நரம்பருகே ஊசிமருந்து ஏற்றுதலும் சத்திரசிகிச்சையும் ஆராயப்படும்.

ஆனால், சலமலம் அடக்கும் ஆற்றல் குன்றினாலோ, சிறுநீர் தடைப்பட்டாலோ, இருக்கைப்புறம் விறைத்தாலோ, கால் வரவரப் பலமிழந்தாலோ பொறுத்திருத்தல் தகாது. அன்றே ஆசுபத்திரியை நாடுக. அங்கே தாமதம் நிலையான ஊனத்தை விளைவிக்கும். பொறுக்கும் வேளையையும் விரையும் வேளையையும் பகுத்தறிதலே இந்நோய்க்கு முதன்மையான சிகிச்சை.