ஏ.சி.க்கும் மோட்டாருக்கும் எத்தனை பேட்டரி?

கம்ப்யூட்டருடன் 600 விஏ யு.பி.எஸ். ஒன்றும் வாங்கியிருப்பீர்கள். அதனுள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஏ.ஹெச். பேட்டரி. இரண்டையும் பெருக்கினால் 84 வாட்-ஹவர். ஃபைலை சேவ் செய்து ஷட் டவுன் செய்யப் போதும், அவ்வளவுதான்.

ஒரகடத்தில் என்னிடம், ஷிப்ட் முடிந்து நள்ளிரவில் வீடு திரும்பும் தொழிற்சாலை நண்பர்கள் கேட்பது வேறு: "கரண்ட் இல்லாவிட்டாலும் ஏ.சி. ஓட எத்தனை பேட்டரி சார்?" 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் கரையைக் கடந்த பிறகு, சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் பல இடங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. எனவே கேள்வி நியாயமானதுதான்.

கணக்கைப் பார்ப்போம். ஒன்றரை டன் ஏ.சி., கம்ப்ரசர் நின்று நின்று ஓடுவதால், சராசரியாக 1000 வாட் என்று கொள்ளுங்கள். 8 மணி நேரத்துக்கு 8000 வாட்-ஹவர், அதாவது 8 யூனிட். இன்வெர்ட்டரில் 15 சதவீதம் வீணாகும். ஆக பேட்டரி தர வேண்டியது சுமார் 9400. லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் குறையும். எனவே 18,800 தேவை. 150 ஏ.ஹெச். பேட்டரி ஒன்று 1800 வாட்-ஹவர். பதினொன்று வருகிறது. 48 வோல்ட்டுக்கு நான்கு நான்காக இணைக்க வேண்டும் என்பதால் பன்னிரண்டு!

150 ஏ.ஹெச். என்பதும் 7.5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் எடுத்தால்தான். வேகமாக இழுத்தால் குறைவாகவே கிடைக்கும். லித்தியம் பேட்டரியில் 80 சதவீதம் வரை எடுக்கலாம், 51.2 வோல்ட், 100 ஏ.ஹெச். பேட்டரி மூன்று போதும். விலையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

வாங்கினால் மட்டும் போதாது, தினமும் நிரப்பவும் வேண்டும். 1 கிலோவாட் சோலார் பேனல் நம் ஊரில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். இதற்கு 3 கிலோவாட்டாவது வேண்டும். மழை நாட்களில் அதுவும் போதாது.

தண்ணீர் மோட்டார் வேறு ரகம். 1 ஹெச்.பி. மோட்டார் 20 நிமிடம் ஓட அரை யூனிட்கூட ஆகாது. ஆனால் கிளம்பும் நொடியில் ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். அதைத் தாங்க வேண்டியது இன்வெர்ட்டர்.

என்னைக் கேட்டால், ஏ.சி.யை விட்டுவிடுங்கள். கம்ப்யூட்டர் 4 மணி நேரம், 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் இரவு முழுக்க என்றால், 180 ஏ.ஹெச். பேட்டரி ஒன்றிலேயே முடிந்துவிடும். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்; சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேறும். லேசர் பிரிண்டரை மட்டும் இந்த லைனில் செருகாதீர்கள். ஒவ்வொரு முறை சூடாகும்போதும் ஏறக்குறைய அயர்ன் பாக்ஸ் அளவுக்கு இழுக்கும்.