பென்சிலுக்கு முன் மணல்

விஜயதசமியன்று தாத்தா மடியில் உட்கார்ந்து, தாம்பாளத்து அரிசியில் 'அ' போட்ட விரல்தான் நம்மில் பலருக்கு முதல் எழுதுகோல். அடுத்த வாரமே பென்சிலைக் கொடுத்து, நோட்டில் பக்கம் பக்கமாக எழுதச் சொல்லிவிடுகிறோம். பென்சிலைப் பிடிப்பது ஒரு பாடு. எழுத்து எங்கே தொடங்கி எங்கே திரும்பும் என்பது இன்னொரு பாடு. மூன்றரை வயதில் இரண்டும் சேர்ந்து வந்தால் பிள்ளை அழத்தான் செய்யும்.

திண்ணைப் பள்ளிகளில் மணலில்தான் எழுதிப் பழகினார்கள். எழும்பூரில் ஐரோப்பியப் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்திய பாதிரியார் ஆண்ட்ரூ பெல் அதைப் பார்த்துத் தன் பள்ளிக்கும் கொண்டுபோனார். 1797-இல் லண்டனில் அவர் புத்தகம் வெளிவர, சென்னை மணல் இங்கிலாந்துப் பள்ளிகளிலும் பரவியது.

1907-இல் ரோமின் ஏழைக் குடியிருப்பொன்றில் பள்ளி தொடங்கிய மரியா மாண்டிசோரி, உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி வழுவழுப்பான அட்டையில் ஒட்டினார். குழந்தை ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும், எழுதும் திசையிலேயே அதைத் தடவும். வாய் அதன் ஒலியைச் சொல்லும். தடம் விலகினால் சொரசொரப்பு நின்றுவிடும். தவறை விரலே கண்டுபிடித்துவிடும், டீச்சர் அதட்ட வேண்டியதில்லை. டிசம்பரில் ஒரு நாள் மொட்டைமாடியில் சாக்பீஸால் புகைபோக்கியை வரைந்த சிறுவன், திடீரென்று தனக்கு எழுத வருகிறதென்று கூவித் தரையில் சொற்களாக எழுதித் தள்ளினானாம். 1939-இல் மாண்டிசோரி அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

ஆனால் தடவுவதோடு நிறுத்தினால் போதாது. அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் கரின் ஜேம்ஸ், வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளை ஸ்கேன் செய்து 2012-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டுகிறது. தானாக எழுதிப் பழகிய எழுத்தைப் பார்த்தபோதுதான் மூளையில் வாசிப்புக்கான பகுதிகள் விழித்துக்கொண்டன. புள்ளிக்கோட்டின் மேல் எழுதியதும் கீபோர்டில் தட்டியதும் அந்த வேலையைச் செய்யவில்லை. குழந்தை எழுதும் எழுத்து ஒவ்வொரு முறையும் ஒரு கோணலாக வருகிறதே, அந்தக் கோணல்கள்தான் எழுத்தின் அடிப்படை வடிவத்தை மனதில் பதிக்கின்றன போலும். புள்ளி வைத்த நோட்டுகளை அடுக்கடுக்காக வாங்கும் பெற்றோர் கவனிக்க.

வீட்டில் ஒரு தட்டு ரவை போதும். முதலில் 'ட': மேலிருந்து கீழே ஒரு கோடு, கையை எடுக்காமல் வலப்பக்கம் ஒரு கோடு. அடுத்து 'ப', பிறகு 'ம'. சுழி வைத்த 'அ'வுக்கு அவசரமில்லை. தப்பாக வந்தால் தட்டை ஒரு குலுக்கு குலுக்குங்கள், ரப்பரே வேண்டாம்.