காத்திருப்பதற்கும் கரன்ட் பில்

2022 டிசம்பரில் பிரிட்டனின் தேசிய சூப்பர் கம்ப்யூட்டரான ஆர்ச்சர்-2 வேகம் குறைந்து ஓட ஆரம்பித்தது. கோளாறு ஒன்றுமில்லை, அதை நடத்துகிறவர்களே குறைத்துவிட்டார்கள். உக்ரைன் போருக்குப் பிறகு எரிவாயு விலை எகிறியிருந்தது. குளிர்காலத்தை ஓட்ட மின்சாரம் போதுமா என்று நாடே கவலைப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

எடின்பரோ பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ள இந்த இயந்திரத்தில் 5,860 நோடுகள். நோடு ஒன்றுக்கு 64 கோர் கொண்ட ஏஎம்டி பிராசஸர்கள் இரண்டு. ஆக மொத்தம் 7,50,080 கோர்கள். கடல் நீரோட்டம், புதிய பொருட்கள், புரத மூலக்கூறுகள் என்று நாடு முழுவதிலிருந்தும் ஆராய்ச்சியாளர்கள் வேலையை அனுப்பிவிட்டு வரிசையில் நிற்கிறார்கள். வேகத்துக்காகவே கோடிகளைக் கொட்டி வாங்கிய இயந்திரத்தை மெதுவாக ஓட்டுவதா?

கணக்கைப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. சிப் ஒன்று வேலை செய்யும்போது இழுக்கும் மின்சாரம், கடிகார வேகத்தோடு நேர் விகிதத்தில் ஏறும். வோல்டேஜின் வர்க்கத்தோடு நேர் விகிதத்தில் ஏறும். வேகத்தைக் கூட்ட வேண்டுமென்றால் வோல்டேஜையும் கூட்டியாக வேண்டும் என்பதால் இரண்டும் சேர்ந்தே கடிக்கும். வேகத்தில் 20 சதவீதமும் வோல்டேஜில் 10 சதவீதமும் குறைத்தால், அந்தச் செலவில் 35 சதவீதம் மிச்சம். கடைசிச் சொட்டு வேகத்துக்குத்தான் விலை அதிகம்.

ஒரு காலத்தில் இந்தத் தொல்லை இருக்கவில்லை. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது வோல்டேஜையும் கூடவே இறக்கினால், அதே பரப்பில் அதிக டிரான்சிஸ்டர்கள் அதிக வேகத்தில் ஓடினாலும் சூடு ஏறாது என்று ஐபிஎம்மின் ராபர்ட் டெனார்டும் சகாக்களும் 1974-இல் காட்டினார்கள். முப்பது வருடம் தொழில்துறை அந்தப் புண்ணியத்தில் வாழ்ந்தது. பிறகு வோல்டேஜ் அதற்கு மேல் இறங்க மறுத்தது, சூடு ஏறத் தொடங்கியது. 2004-இல் இன்டெல், பென்டியம் 4-க்கு அடுத்து வரவிருந்த டேஜாஸ் சிப்பைக் கைவிட்டு, ஒரே சிப்பில் பல கோர்கள் என்ற பாதைக்குத் திரும்பியது. இன்று நம் சட்டைப் பையில் இருக்கும் போனில் பல கோர்கள் இருப்பதற்கும் இந்த மின்சாரச் சுவர்தான் காரணம்.

ஆர்ச்சர்-2-க்குத் திரும்புவோம். டிசம்பருக்கு முன்பே, அந்த வருடம் மே மாதத்தில், அவர்கள் பயாஸ் அமைப்பில் ஒரு சிறு மாற்றம் செய்திருந்தார்கள். எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

ஒரே மாடல் சிப்கள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை. தயாரிப்பில் நேரும் நுண்ணிய வேறுபாடுகளால் சில சிப்கள் குறைந்த மின்சாரத்திலேயே நன்றாக ஓடும், சில கொஞ்சம் அதிகம் கேட்கும். ஏஎம்டி சிப்பை இரண்டு விதமாக அமைக்கலாம். முதல் முறையில் ஒவ்வொரு சிப்பும் தனக்கு அனுமதித்த மின்சாரம் முழுவதையும் இழுத்துக்கொண்டு முடிந்த மட்டும் ஓடும், நல்ல சிப் முந்திக்கொள்ளும். இரண்டாவது முறையில் எல்லா சிப்பும் ஒரே வேகத்தில் போகும், நல்ல சிப் அதற்குக் குறைவான மின்சாரமே எடுக்கும். தனி கம்ப்யூட்டருக்கு முதல் முறை லாபம். ஆயிரக்கணக்கான கோர்கள் சேர்ந்து ஒரே கணக்கைப் போடும் இடத்தில் அது வீண். ஒவ்வொரு கட்டத்திலும் எல்லோரும் முடித்த பிறகுதான் அடுத்த கட்டம். பந்தியில் முதலில் சாப்பிட்டு முடித்தவர், பக்கத்து இலைக்காரர் மோருக்கு வரும்வரை உட்கார்ந்துதானே இருக்க வேண்டும்? முந்திய சிப்பும் அப்படிக் காத்திருக்கும், ஆனால் சும்மா காத்திருக்காது, கரன்ட் குடித்துக்கொண்டே காத்திருக்கும். அமைப்பை மாற்றியதும் இயந்திரத்தின் சராசரி மின்தேவை 3,220 கிலோவாட்டிலிருந்து 3,010-க்கு இறங்கியது. வேகத்தில் இழப்பு என்று சொல்லும்படி எதுவும் இல்லை.

டிசம்பரில் செய்தது அதைவிடத் துணிச்சலானது. பெயரளவில் 2.25 கிகாஹெர்ட்ஸ், டர்போ சேர்ந்து நடைமுறையில் 2.8 வரை ஓடிய சிப்களை 2.0-வில் நிறுத்தினார்கள். மின்தேவை 2,530 கிலோவாட் ஆனது. இரண்டு மாற்றமும் சேர்த்து 690 கிலோவாட் மிச்சம். வருடம் முழுக்க இப்படியே ஓடினால் சுமார் 60 லட்சம் யூனிட்.

கடிகாரம் இவ்வளவு இறங்கியும் பல புரோகிராம்கள் அந்த அளவுக்குத் தாமதமாகவில்லை. காரணம், அவற்றின் கோர்கள் நேரத்தில் பெரும்பகுதியைக் கணக்குப் போடுவதில் செலவிடுவதில்லை, மெமரிக்காகக் காத்திருப்பதில்தான் செலவிடுகின்றன. மெமரியிலிருந்து ஓர் எண் வந்து சேர ஏறக்குறைய 100 நானோ விநாடி ஆகிறதென்றால், 2.0 கிகாஹெர்ட்ஸில் அது 200 துடிப்பு. 2.8-இல் ஓடினால் 280 துடிப்பு. எண் வருவதென்னவோ அதே நேரத்தில்தான். கணக்கிலேயே மூழ்கிக் கிடக்கும் புரோகிராம்களின் கதை வேறு. 10 சதவீதத்துக்கு மேல் அடிபடும் மென்பொருட்களுக்கு மட்டும் பழைய வேகத்தையே திருப்பிக் கொடுத்தார்கள். வேண்டுமென்கிற பயனரும் தானே மாற்றிக்கொள்ளலாம்.

இதில் ஒரு முரண் உண்டு. இத்தகைய மையங்களில் பயனரின் ஒதுக்கீடு நோடு-மணி கணக்கில்தான் கழிகிறது, யூனிட் கணக்கில் அல்ல. மெதுவாக ஓடினால் மணி கூடும், அவருடைய ஒதுக்கீடு கரையும். மிச்சமாகும் மின்கட்டணமோ மையத்துக்குப் போகும். யார்தான் தானாக முன்வந்து மெதுவாக ஓடுவார்? கண்ணில் படாத செலவை யாரும் குறைக்க மாட்டார்கள். ஜப்பானில் கோபே நகரத்து சூப்பர் கம்ப்யூட்டரான ஃபுகாகுவில் இதை வேறு விதமாக அணுகியிருக்கிறார்கள். கணக்குப் போடும் இரண்டு பாதைகளில் ஒன்றை மூடிவிடும் ‘ஈக்கோ’ முறையைப் பயனர் தன் வேலைக்கேற்பத் தேர்ந்தெடுக்கலாம். மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறவருக்குப் புள்ளிகளும் உண்டு.

இதெல்லாம் சில்லறைச் சிக்கனம் என்று தோன்றலாம். ஆனால் சிக்கனம் இல்லாமல் பெரிய இயந்திரங்களே சாத்தியமில்லை. 2008-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் இருந்த ரோட்ரன்னர் என்ற சூப்பர் கம்ப்யூட்டர், விநாடிக்கு ஆயிரம் லட்சம் கோடி கணக்கு என்ற பெட்டாஃப்ளாப் எல்லையைத் தாண்டியபோது அதற்கு 2.3 மெகாவாட் தேவைப்பட்டது. அதே நுட்பத்தை ஆயிரம் மடங்காக்கினால் 2,300 மெகாவாட், பெரிய அணு உலைகள் இரண்டு வேண்டும். 20 மெகாவாட்டுக்குள் முடியுங்கள் என்றது அமெரிக்க அரசு. 2022-இல் ஓக் ரிட்ஜின் ஃபிரான்டியர் 21 மெகாவாட்டில் அந்த ஆயிரம் மடங்கு வேகத்தைத் தாண்டியது. தனித்தனியாக மந்தமான, ஆனால் எண்ணிக்கையில் ஏராளமான கோர்கள் கொண்ட ஜிபியுக்களால்தான் அது முடிந்தது.

ஆர்ச்சர்-2 குழுவின் கணக்கு மின்கட்டணத்தோடு நிற்கவில்லை. சிப், பலகை, கேபிள் என்று இயந்திரத்தைத் தயாரிக்கும்போதே ஒரு பங்கு கரிமம் காற்றில் கலந்துவிடுகிறது. நிலக்கரியோ எரிவாயுவோ எரித்து வரும் மின்சாரத்தில் ஓட்டினால், ஓட்டும் செலவுதான் பெரிது. அங்கே வேகத்தைக் குறைப்பது சரி. காற்றாலை மின்சாரம் நிரம்பி வழியும் மின்கட்டமைப்பில் தயாரிப்பில் ஏற்கெனவே வெளியேறிய கரிமமே பெரும்பங்காகிவிடும். அப்போது இயந்திரத்தின் ஆயுளுக்குள் எவ்வளவு அதிக வேலை வாங்க முடியுமோ அவ்வளவு வாங்குவதுதான் சிக்கனம், சிப்பை 2.8-இலேயே விரட்டலாம். ஆர்ச்சர்-2 இருக்கும் ஸ்காட்லாந்திலோ, ஆண்டுக்கு ஆண்டு காற்றாலைகள் கூடிக்கொண்டே போகின்றன.