அணு உலை: அரசுகள் தரும் நூறாண்டு வாக்குறுதி



பிலிப்பைன்ஸ் நாட்டின் பட்டான் தீபகற்பத்தில் ஓர் அணுமின் நிலையம் கடலைப் பார்த்தபடி நிற்கிறது. அதிபர் மார்க்கோஸின் ஆட்சியில், 1976ஆம் ஆண்டு அதனைக் கட்டத் தொடங்கினார்கள். 1984இல் பணி ஏறத்தாழ முடிந்தது. 200 கோடி டாலருக்கும் மேல் செலவாகியிருந்தது. 1986இல் மார்க்கோஸ் ஆட்சியை இழந்தார். அதே ஆண்டு ஏப்ரல் மாதம் சோவியத் நாட்டின் செர்னோபில் அணு உலை வெடித்தது. பிலிப்பைன்ஸின் புதிய அரசு, பட்டான் நிலையத்தை இயக்குவதில்லை என முடிவு செய்தது. அந்நிலையம் ஒரு வீட்டின் விளக்கைக்கூட ஏற்றவில்லை. ஆனால் அதற்காக வாங்கிய கடனை அந்நாட்டு மக்கள் 2007ஆம் ஆண்டு வரை அடைத்து வந்தார்கள். நிலையம் தொடங்கப்பட்டபோது பிறவாத பிள்ளைகளும் வளர்ந்து வரி செலுத்தி, அந்தக் கடனைத் தீர்த்தார்கள்.

இந்நிகழ்ச்சியை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. அணுமின்சாரம் என்றவுடன் நாம் விஞ்ஞானத்தைப் பற்றியே பேசுகிறோம். அதற்கு நிகராக அரசுகளின் கொள்கையைப் பற்றியும் பேச வேண்டிய காலம் வந்திருக்கிறது.

மீண்டும் திரும்பிய பார்வை

1973ஆம் ஆண்டு அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோது, பெட்ரோலியத்தை நம்பியிருந்த நாடுகள் நிலைகுலைந்தன. மறு ஆண்டே பிரெஞ்சுப் பிரதமர் பியேர் மெஸ்மெர் பெரும் அணுமின் திட்டம் ஒன்றை அறிவித்தார். பின்னாளில் அந்நாட்டு மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு அணுவிலிருந்து கிடைக்கும் நிலை உருவாயிற்று. எனினும் 1986இல் செர்னோபில், 2011இல் ஜப்பானின் ஃபுகுஷிமா என நேர்ந்த விபத்துகள் உலகை அச்சுறுத்தின. ஜெர்மனி தனது கடைசி மூன்று உலைகளையும் 2023 ஏப்ரல் 15இல் மூடிவிட்டது.

இப்போது காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. 2023 டிசம்பரில் துபையில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டின்போது, உலகின் அணுமின் திறனை 2050க்குள் மூன்று மடங்காக்குவோம் என்று இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் கூட்டாக அறிவித்தன. 2025 பிப்ரவரியில் இந்திய அரசு தனது வரவு செலவுத் திட்டத்தில், 2047க்குள் 100 கிகாவாட் அணுமின் திறன் என்னும் இலக்கை வைத்தது. அணுமின் திட்டங்களுக்குக் கடன் தருவதில்லை என்று பல்லாண்டுகளாகக் கடைப்பிடித்த தடையை உலக வங்கியும் 2025 ஜூனில் விலக்கிக்கொண்டது.

இதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. அணு பிளக்கும்போது கரியமில வாயு வெளிப்படுவதில்லை. வெயிலும் காற்றும் ஓய்ந்த வேளையிலும் உலை ஓயாது. 2022இல் மூண்ட உக்ரைன் போர், பிறநாட்டு எரிவாயுவை நம்பியிருப்பதன் ஆபத்தை ஐரோப்பாவுக்கு உணர்த்தியது. ஆகவே ஆசையைக் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் உலை கட்டப் பத்தாண்டு, இயங்க அறுபதாண்டு, ஓய்ந்தபின் பிரித்தகற்ற மேலும் பல பத்தாண்டுகள். ஐந்தாண்டு ஆளும் அரசு ஒன்று, நூறாண்டுக்கு வாக்குறுதி தருகிறது. அந்த வாக்குறுதியை நாம் படித்துப் பார்த்தோமா?

பணம் யாருடையது?

வீடு கட்டுகிற குடும்பம் முதலில் என்ன கேட்கும்? செலவு எவ்வளவு, தவணை யார் கட்டுவது என்றுதானே கேட்கும்! அமெரிக்காவின் தென்கரோலினா மாநிலத்தில் இரண்டு உலைகளைக் கட்டத் தொடங்கி, சுமார் 900 கோடி டாலர் செலவான பின் 2017 ஜூலையில் பாதியில் கைவிட்டார்கள். கட்டி முடிக்கும் முன்பே நுகர்வோரிடம் கட்டணம் வசூலிக்க மாநிலச் சட்டம் இடமளித்திருந்தது. ஆதலால் வராத மின்சாரத்திற்கு மக்கள் தம் மாதாந்திர மின்கட்டணத்தில் பணம் கட்டினார்கள்.

முஸ்லிம் நாடுகள் சிலவும் இப்பாதையில் இறங்கியுள்ளன. அவற்றின் ஏற்பாடுகள் ஒன்றுபோல் இல்லை. வங்கதேசத்தின் ரூப்பூர் நிலையத்திற்கான செலவில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு ருஷ்யா தந்த கடன். துருக்கியின் அக்குயூவில், ருஷ்யாவின் ரோசாட்டம் நிறுவனமே தன் முதலில் கட்டி, உடைமையாளராக இருந்து இயக்குவது என்பது 2010ஆம் ஆண்டு ஒப்பந்தம். உற்பத்தியில் குறிப்பிட்ட பங்கை யூனிட்டுக்கு 12.35 அமெரிக்க சென்ட் வீதம் 15 ஆண்டுகள் வாங்குவதாகத் துருக்கி உறுதியளித்திருக்கிறது. ஒரு நாடு கடனைச் சுமக்கிறது. மற்றொரு நாடு தன் மண்ணில் பிறர் உடைமையை ஏற்றிருக்கிறது. இரண்டிலும் விலை உண்டு.

கண்காணிப்பது யார்?

ஃபுகுஷிமா விபத்தை ஆராய்ந்த ஜப்பானிய நாடாளுமன்றக் குழு, 2012இல் அதனை மனிதர் விளைவித்த பேரிடர் என்றே கூறியது. ஆழிப்பேரலை இயற்கையானதுதான். ஆனால் அணுமின்சாரத்தைப் பரப்பும் அமைச்சகத்தின் கீழேயே அதனைக் கண்காணிக்கும் துறையும் இருந்தது. விற்பவனும் எடை பார்ப்பவனும் ஒரே வீட்டார் என்றால் தராசு எப்படி நேராக நிற்கும்?

ஐக்கிய அரபு அமீரகத்தைப் பாருங்கள். வளைகுடாவில் பணியாற்றும் உறவினர் உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். அமீரகம் 2008இல் தன் அணுசக்திக் கொள்கையை எழுதி வெளியிட்டது. யுரேனியத்தைச் செறிவூட்டும் பணியைத் தன் மண்ணில் செய்வதில்லை என்று அதில் அறிவித்தது. 2009இல் தனிச் சட்டத்தால் கண்காணிப்பு ஆணையத்தை நிறுவிய பிறகே, அவ்வாண்டு டிசம்பரில் தென்கொரிய நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது. பராக்காவின் முதல் உலை 2017இல் இயங்கும் என எதிர்பார்க்கப்பட்டது. இயக்குவோர் போதிய ஆயத்தம் பெறும்வரை உரிமம் தள்ளிப்போய், 2020இல்தான் வழங்கப்பட்டது. 2024 செப்டம்பரில் நான்காம் உலையும் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. நான்கும் சேர்ந்து நாட்டின் மின்தேவையில் கால்பங்கை நிறைவேற்றும் ஆற்றல் கொண்டவை.

அங்கும் கவலை இல்லாமல் இல்லை. கடல்நீரைக் குடிநீராக்கி வாழும் அண்டை நாடான கத்தார், 2019இல் சர்வதேச அணுசக்தி முகமையிடம் தன் அச்சத்தைத் தெரிவித்தது. உக்ரைனின் ஸபோரிஷியா நிலையத்தை 2022 மார்ச்சில் ருஷ்யப் படைகள் கைப்பற்றியதையும் உலகம் கண்டது. உலைக்கு எல்லைக்கோடு தெரியாது.

மிச்சத்தைக் காப்பது யார்?

எரிந்து தீர்ந்த அணு எரிபொருளில் புளூட்டோனியம் இருக்கிறது. அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையவே சுமார் 24,000 ஆண்டுகள் ஆகும். அமெரிக்க அரசு 1998 முதல் இக்கழிவைப் பெற்றுக்கொள்வதாகச் சட்டத்தில் உறுதி தந்தது, நிறைவேற்றவில்லை. அதற்காக மின் நிறுவனங்களுக்கு இழப்பீடாக 1000 கோடி டாலருக்கும் மேல் மக்கள் வரிப்பணம் போயிருக்கிறது. ஃபின்லாந்தோ, தன் கழிவைத் தன் நாட்டிலேயே வைக்க வேண்டும் என 1994இல் சட்டம் செய்தது. இடம் தேர்ந்தபோது, வேண்டாம் என்று சொல்லும் உரிமையை உள்ளூராட்சி மன்றத்திற்கு அளித்தது. அம்மன்றம் இசைந்த பின்னரே, 400 மீட்டருக்கும் ஆழத்தில் பாறையைக் குடைந்து களம் அமைத்தார்கள்.

வாசகர்களே! அணுமின்சாரம் வேண்டும் என்போர் எல்லாரும் ஆபத்தை அறியாதவர் அல்லர். வேண்டாம் என்போர் எல்லாரும் முன்னேற்றத்தின் பகைவரும் அல்லர். இருசாராரும் அரசிடம் ஒன்றுபட்டுக் கேட்க வேண்டியவை மூன்றே: கடனை யார் அடைப்பது? தவறு கண்டால் நிறுத்தும் துணிவும் தனியுரிமையும் உள்ள அதிகாரி யார்? மிச்சத்தை எந்த ஊரில், யாருடைய இசைவுடன் வைப்பது? அடிக்கல் நாட்டும் முன்பே இவற்றுக்கு எழுத்தில் விடை தரும் அரசை நம்பலாம். விடை தராமல் அவசரப்படும் அரசுக்காகத் தவணை கட்டப்போகிறவர்கள் இன்று உங்கள் மடியில் தவழும் பிள்ளைகள்.